வாண்டல்கள் மேல் விழுந்த பழி

ஜூன் 2

ஒரு வாசகரின் கேள்வி: "சிலையை உடைக்கிறவன், பேருந்து இருக்கையைக் கிழிக்கிறவன், பழைய கோட்டைச் சுவரில் பெயரைக் கீறுகிறவன் எல்லாரையும் வாண்டல் என்கிறார்கள். 5ஆம் நூற்றாண்டில் ரோமை அழித்த கூட்டத்தின் பெயராம் அது. என் கருத்து இதுதான்: அருமை தெரியாதவன் கையில் அருமையான பொருள் சிக்கினால் உடையும். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். மறுப்பு உண்டா?"

ஜூன் 2, இரவு

உண்டு. "ரோமை அழித்த" என்ற இடத்திலேயே ஆரம்பிக்கலாம்.

கி.பி. 455, ஜூன் 2 (இன்றைய தேதிதான், வேண்டுமென்றே கேட்டீர்களா தெரியவில்லை). வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தின் அரசர் கைசெரிக் படையோடு ரோமுக்குள் நுழைகிறார். அந்த வருடம் மார்ச்சில்தான் பேரரசர் மூன்றாம் வாலன்டீனியனைக் கொன்றிருந்தார்கள். அவருக்குப் பின் அரியணையில் உட்கார்ந்த பெட்ரோனியஸ் மாக்ஸிமஸ் ஊரை விட்டு ஓடப் பார்த்தபோது ஜனங்களே அவரை அடித்துக் கொன்றுவிட்டார்கள். காவல் என்று ஒன்றும் இல்லாத நகரம். போப் முதலாம் லியோ வெளியே வந்து கைசெரிக்கைச் சந்தித்து, தீ வைக்காதே, வெட்டிச் சாய்க்காதே என்று கேட்டுக்கொண்டதாக அந்தக் காலத்துக் குறிப்பு இருக்கிறது. பெரும்பாலும் அப்படியே நடந்தது. 14 நாள் நிதானமாகச் சுருட்டினார்கள். அரண்மனைப் பொன், வெள்ளி, கி.பி. 70இல் ரோமானியத் தளபதி டைட்டஸ் எருசலேம் ஆலயத்திலிருந்து ரோமுக்குக் கொண்டுவந்த பாத்திரங்கள், கேபிடோலைன் குன்றிலிருந்த ஜூபிடர் கோயிலின் பொன்முலாம் பூசிய வெண்கலக் கூரை ஓடுகளில் பாதி. விதவைப் பேரரசி யூடோக்ஸியாவையும் அவருடைய இரண்டு மகள்களையும்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

கொள்ளைதான், சந்தேகமே இல்லை. ஆனால் கூரை ஓட்டைக் கழற்றி எண்ணி ஏற்றுகிறவனுக்கு அதன் அருமை தெரியாது என்று எப்படிச் சொல்வது? சிலைகளை ஏற்றிய கப்பல் ஒன்று மட்டும் வழியில் மூழ்கியது, மற்றவை வட ஆப்பிரிக்காவில் வாண்டல்களின் தலைநகரான கார்த்தேஜ் போய்ச் சேர்ந்தன என்று 6ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ப்ரோகோப்பியஸ் எழுதுகிறார். உடைக்கிற எண்ணம் இருந்தவர்கள் கப்பலில் ஏற்றிக்கொண்டு போவானேன்?

ஜூன் 3

அப்படியானால் ரோம் எப்படி மொட்டையானது? இதற்குப் பதில், கேட்டவருக்குப் பிடிக்காது.

வாண்டல்கள் போய் மூன்றே வருடத்தில், 458இல், பேரரசர் மேஜோரியன் ஒரு சட்டம் போடுகிறார். நகரத்தின் பழைய கட்டடங்களை இனி யாரும் இடிக்கக் கூடாது. யார் இடித்தார்கள்? ரோம்வாசிகள்தான். பொதுவேலைக்குக் கல் வேண்டும் என்று காரணம் சொல்லிக் கோயிலையும் மண்டபத்தையும் பெயர்க்கிறார்கள், அப்புறம் அந்தச் சாக்கில் தனியாரும் வீடு கட்டக் கல் எடுத்துக்கொள்கிறார்கள், அதிகாரிகள் வேண்டியவர்களுக்கு அனுமதி எழுதித் தருகிறார்கள் என்று சட்டமே புலம்புகிறது. அனுமதி கொடுக்கும் நீதிபதிக்கு 50 பவுண்டு தங்கம் அபராதம். அந்த உத்தரவை நிறைவேற்றிய கீழ் ஊழியருக்குச் சாட்டையடி, கை வெட்டு. கையெழுத்துப் போட்டவருக்குப் பணம், கையால் செய்தவனுக்குக் கை. அந்த ஏற்பாடு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை.

அதற்குப் பிறகு 663. கான்ஸ்டன்டினோபிளிலிருந்து பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் ரோமுக்கு வருகிறார். ரோமானியப் பேரரசர், தன் சொந்த நகரத்துக்கு விருந்தாளியாக வருகிறார். 12 நாள் இருந்துவிட்டு, கண்ணில் பட்ட வெண்கலத்தையெல்லாம், பாந்தியன் கோயிலின் கூரை ஓடுகள் உட்பட, கழற்றிக்கொண்டு போய்விட்டார். கைசெரிக் 14 நாள், இவர் 12 நாள். வாண்டலுக்குப் பெயர் நிலைத்தது, கான்ஸ்டன்ஸ் பெயரை யாரும் எதற்கும் வைக்கவில்லை. (ஐந்து வருடம் கழித்து சிசிலியில் குளிக்கும்போது வேலைக்காரன் கையால் செத்தார். அது வேறு கதை.)

பாந்தியனில் மிச்சமிருந்தது முகமண்டபத்து வெண்கலம். அதை 1620களில் போப் எட்டாம் அர்பன் எடுத்தார், பார்பெரினி குடும்பத்துக்காரர். "பார்பரர்கள் (காட்டுமிராண்டிகள்) செய்யாததைப் பார்பெரினிகள் செய்தார்கள்" என்று ஊரில் ஒரு வசை கிளம்பியது. இன்றுவரை அந்தக் குடும்பத்தை அது விடவில்லை.

ஜூன் 3, பிற்பகல்

மேலே எழுதியதற்கு ஒரு வால். அந்த வெண்கலம் முழுக்கப் புனித பேதுரு பேராலயத்தில் சிற்பி பெர்னினி செய்த விதானத்துக்குப் போனது என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்வார்கள். பெரும்பகுதி போனது சான்ட் ஏஞ்சலோ கோட்டைக்குப் பீரங்கி வார்க்க. கலைக்காக எடுத்தார் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது, அதனால் அந்தக் கதை ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஜூன் 5

வாண்டல்கள் பாவம், நல்லவர்கள் என்று நான் சொல்வதாக இரண்டு பேர் எடுத்துக்கொண்டார்கள். இல்லை. கட்டடத்தை விட்டுவைத்தார்கள், மனிதர்களை விடவில்லை. 455இல் ரோமிலிருந்து ஏராளமானவர்களைப் பிடித்துப் போனார்கள். கார்த்தேஜில் கரை இறங்கியதும் கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கம் என்று பங்கு போட்டார்கள். அந்த ஊர் ஆயர் டியோகிராசியாஸ், தேவாலயத்துப் பொன், வெள்ளிப் பாத்திரங்களை விற்று முடிந்தவர்களை மீட்டு, இரண்டு பெரிய தேவாலயங்களில் படுக்கை போட்டுத் தங்கவைத்தார் என்று அந்த நூற்றாண்டின் ஆப்பிரிக்க ஆயர் விட்டாவின் விக்டர் எழுதிவைத்திருக்கிறார். விக்டர் எதிர்க்கட்சி, வாண்டல்கள் ஏரியன் கிறிஸ்தவர்கள் (இயேசுவைத் தந்தையாகிய கடவுளுக்குச் சமமாக ஏற்காத பிரிவு), இவர் கத்தோலிக்கர், அடி வாங்கிய தரப்பு. அதைக் கழித்துக்கொண்டு படித்தாலும் கொடுமை கொடுமைதான்.

ஆனால் அதே கார்த்தேஜில் அவர்கள் நூறு வருடம் எப்படி வாழ்ந்தார்கள் என்று பாருங்கள். 439இல் பிடித்த நகரம். வெந்நீர்க் குளியல், நாடகம், குதிரைப் பந்தயம், தோட்ட மாளிகை. லத்தீன் கவிஞர்கள் வாண்டல் அரசர்களைப் புகழ்ந்து பாட்டு எழுதிப் பிழைத்தார்கள். 1928இல் அல்ஜீரிய–துனீசிய எல்லைப் பக்கம் கிடைத்த மரப்பலகை ஆவணங்கள் 490களைச் சேர்ந்தவை. வாண்டல் ஆட்சியில் யாரோ நிலத்தையும் ஒலிவ மரத்தையும் விற்கிறார்கள், பத்திரம் அப்படியே ரோமானியச் சட்டப்படி எழுதப்பட்டிருக்கிறது. எல்லாவற்றையும் தரைமட்டமாக்கும் கூட்டத்துக்குக் கிரயப் பத்திரம் எதற்கு?

அவர்கள் உண்மையிலேயே இடித்தது என்ன தெரியுமா? தங்கள் ஆட்சியிலிருந்த ஊர்களின் மதில்களை. கார்த்தேஜ் தவிர மற்ற ஊர்களின் மதிலைக் கைசெரிக் இடிக்கச் சொன்னார். உள்ளூர்க்காரன் கலகம் செய்தால் ஒளிய இடம் இருக்கக் கூடாதாம், பேரரசரின் படை வந்தால் தங்க இடம் இருக்கக் கூடாதாம். அப்போது எல்லாரும் புத்திசாலித்தனம் என்று பாராட்டினார்கள். 533இல் கான்ஸ்டன்டினோபிள் பேரரசரின் தளபதி பெலிசாரியஸ் கப்பலில் வந்து இறங்கியபோது வழியில் ஒரு மதிலும் குறுக்கே இல்லை. ஊர் ஊராகச் சும்மா நடந்தே கார்த்தேஜ் பக்கம் வந்துவிட்டார். கைசெரிக் அப்புறம் கேலிப்பொருளானார் என்கிறார் ப்ரோகோப்பியஸ்.

கடைசி அரசர் கெலிமர் மலையில் சிக்கிப் பட்டினி கிடந்தபோது எதிரித் தளபதியிடம் மூன்று பொருள் கேட்டு அனுப்பினார்: ஒரு ரொட்டி, கண் வீக்கத்துக்கு ஒத்திக்கொள்ள ஒரு பஞ்சு, தன் துயரத்தை எழுதிய பாட்டுக்கு வாசிக்க ஒரு யாழ். பாட்டு எழுதி, வாசிக்க யாழ் இல்லை என்று வருந்துகிற வாண்டல்!

ஜூன் 6

பிறகு எப்படிப் பெயர் வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாக: பிரெஞ்சுப் புரட்சி, 1794, அபே கிரெகுவார் என்ற பாதிரியார். புரட்சிக் கூட்டம் தேவாலயங்களையும் அரச கல்லறைகளையும் உடைப்பதைக் கண்டித்து அவர் மன்றத்தில் வைத்த அறிக்கைகளில்தான் "வாண்டலிசம்" புழக்கத்துக்கு வந்தது. அந்தச் செயலைக் கொல்வதற்காகவே அந்தச் சொல்லைப் படைத்தேன் என்று பின்னாளில் எழுதினார். செயல் சாகவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது, கிரெகுவாரும் புரட்சிக்காரர்தான், மன்னராட்சியை ஒழிக்கக் குரல் கொடுத்தவர். உடைத்தது அவருடைய ஆட்களே. அதைச் சொல்ல முடியாமல் ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய, பதில் சொல்ல ஆள் இல்லாத ஒரு கூட்டத்தின் தலையில் கட்டினார் என்று எனக்குத் தோன்றும்.

1793இல் பாரிஸ் நோத்ர தாம் முகப்பிலிருந்த 28 அரசர் சிலைகளை இறக்கி உடைத்தார்கள், பிரான்ஸ் மன்னர்கள் என்று நினைத்து. அவை யூதாவின் அரசர்கள், விவிலியத்தில் வருகிறவர்கள். 1977இல் பாரிஸில் ஒரு கட்டடத்தைப் பழுதுபார்க்கத் தோண்டியபோது 21 தலைகள் கிடைத்தன. இப்போது க்ளூனி அருங்காட்சியகத்தில் வரிசையாக இருக்கின்றன, பாதிப் பேருக்கு மூக்கு இல்லை.

ஜூன் 9

நானும் ஒரு நூலகத்தில் சில வருடம் வேலை பார்த்தவன். எந்த நூலகம் என்பது வேண்டாம்.

வாசகர்கள் செய்கிற அட்டூழியம் எனக்கு மனப்பாடம். பிளேடு வைத்துப் படத்தை மட்டும் கத்தரித்துப் போவார்கள், தேர்வுக்கு வேண்டிய அத்தியாயத்தை வேரோடு பிய்ப்பார்கள், ஓரத்தில் "இது பொய்" என்று எழுதுவார்கள், அடுத்தவன் வந்து "நீதான் பொய்" என்று எழுதுவான். ஒருமுறை ஒரு பையன் கையும் பிளேடுமாகப் பிடிபட்டான். உறுப்பினர் அட்டை பறிமுதல், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேச்சு, அறிவிப்புப் பலகையில் பெயர். நானே அவனைக் கடுமையாகத் திட்டினேன். தகும் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அதற்கு அடுத்த ஆண்டு மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு. இடம் போதவில்லை, பழைய பத்திரிகைத் தொகுப்புகளை "நீக்கம்" செய்யவும். பல பத்தாண்டுகளின் செய்தித்தாள்கள், தடித்த அட்டையில் கட்டியவை. நுண்படச் சுருள் இருக்கிறதே என்றார்கள். சுருளில் பல பக்கங்கள் மங்கல், சில பக்கங்கள் இல்லவே இல்லை என்று நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். லாரி வந்தது, எடை போட்டார்கள், ரசீது வாங்கினோம். அந்தப் பையன் தன் ஆயுள் முழுக்கப் பிளேடோடு உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு பிற்பகலில் போனதில் நூறில் ஒரு பங்கு கிழித்திருக்க மாட்டான். அறிவிப்புப் பலகையில் யார் பெயரும் ஏறவில்லை.

அதிலிருந்துதான் என் புத்தி இப்படி ஓட ஆரம்பித்தது. கேட்டவரின் "அருமை தெரியாதவன்" வாதத்தை நான் ஏற்காததும் அதனால்தான். உத்தரவு போட்டவர் நன்றாகப் படித்தவர், புத்தகப் பிரியர், ஓய்வு நேரத்தில் பழைய நூல் சேகரிக்கிறவர்.

ஜூன் 9, இரவு

அனுமதித் தாளோடு வந்து உடைத்தவர்கள் இன்னும் சிலர், தூக்கம் வராததால் எழுதுகிறேன்.

வில்லியம் டவ்சிங். இங்கிலாந்து உள்நாட்டுப் போர்க் காலம், 1643–44. நாடாளுமன்றத் தரப்பின் நியமன ஆணையோடு சஃபக், கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதிகளில் 250க்கும் மேற்பட்ட தேவாலயங்களுக்குப் போய், வண்ணக் கண்ணாடி, தேவதைச் சிற்பம், கல்லறை வாசகம் என்று உடைத்தார் அல்லது உடைக்க உத்தரவிட்டார். ஒவ்வொரு தேவாலயத்திலும் 6 ஷில்லிங் 8 பென்ஸ் கட்டணம் வேறு, உடைபட்ட இடமே கொடுக்க வேண்டும். அத்தனையையும் நாட்குறிப்பில் எழுதிவைத்தார், இங்கே இத்தனை படம், அங்கே இத்தனை சிலுவை என்று கணக்கோடு. அந்த ஊர்களில் முன்பு என்ன இருந்தது என்று இன்று ஆராய்கிறவர்களுக்கு அதுவே முதல் ஆதாரம். இவ்வளவு ஒழுங்கான ஆள் எங்கள் நூலகத்தில் இருந்திருந்தால் அட்டவணை பிரமாதமாக இருந்திருக்கும்.

அமெரிக்காவின் நெவாடாவில் 1964இல் ஒரு மரம் வெட்டப்பட்டது. பிரிசில்கோன் பைன். பழைய காலநிலையை ஆராய்ந்த மாணவர் ஒருவர், வனத்துறை அனுமதியோடு. வெட்டிய பிறகு வளையங்களை எண்ணினார்கள்: 4,862. அன்று தெரிந்த மரங்களிலேயே மூத்ததை, அதன் வயதைத் தெரிந்துகொள்வதற்காகவே வெட்டியிருந்தார்கள்.

அப்புறம் 2020 மே, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கு. 46,000 ஆண்டுகளாக மனிதர்கள் வந்து தங்கிய தடயம் உள்ள பாறைக் குகைகள். ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுச் சுரங்கத்தை விரிவாக்க வெடி வைத்துத் தகர்த்தது. சட்டவிரோதமாக இல்லை. 1972ஆம் ஆண்டின் பழங்குடி மரபுச் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி 2013இலேயே அனுமதி வாங்கியிருந்தார்கள். 2014இல் அங்கே அகழாய்வு நடந்தது, 4,000 ஆண்டுப் பழமையான, மனித முடியில் பின்னிய ஒரு கயிறு கிடைத்தது, அந்த முடியின் மரபணு இன்றும் அந்த நிலத்துக்குரிய மக்களோடு பொருந்தியது. இவ்வளவும் தெரிந்த பிறகும் பழைய அனுமதியை மறுபரிசீலனை செய்ய அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. அருமை தெரியாமல் உடைத்தார்கள் என்று இதைச் சொல்ல முடியுமா? அருமைக்கு ஆய்வறிக்கையே இருந்தது.

ஜூன் 11

"எல்லாவற்றுக்கும் அதிகாரிதான் காரணமா, அப்படியானால் ஹெரோஸ்ட்ராடஸ்?" நல்ல அடி. வாங்கிக்கொள்கிறேன்.

கி.மு. 356, எபேசஸ், ஆர்ட்டெமிஸ் கோயில். ஒருவன் தீ வைத்தான், தன் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக. ஊரார் அவன் பெயரை யாரும் சொல்லவே கூடாது என்று தடை போட்டார்கள். தியோபோம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதித் தொலைத்துவிட்டார். இதோ, நாமும் எழுதிவிட்டோம். அனுமதி, உத்தரவு, லாபம் எதுவும் இங்கே இல்லை. ஆனால் அந்தக் கோயிலின் மதிப்பு அவனுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது, மதிப்பில்லாத கொட்டகையை எரித்தால் யார் பேசப்போகிறார்கள்.

1845 பிப்ரவரி 7, பிரிட்டிஷ் மியூசியம். குடிபோதையில் ஓர் இளைஞர் அங்கே கிடந்த ஒரு கல் சிற்பத்தை எடுத்துப் போர்ட்லண்ட் ஜாடி மேல் வீசுகிறார். ரோமானியக் காலத்துக் கண்ணாடி ஜாடி, தூள் தூள். வழக்குப் போடப் பார்த்தால், வேண்டுமென்றே சேதப்படுத்துவதற்கான அன்றைய சட்டம் 5 பவுண்டு மதிப்புக்கு மேல் போகாத பொருள்களுக்கு மட்டும்தான். ஜாடி அதைவிட எவ்வளவோ விலை. ஆகவே ஜாடியைச் சுற்றியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்ததற்கு 3 பவுண்டு அபராதம், அவ்வளவுதான். அதையும் பெயர் சொல்லாத யாரோ கட்டிவிட்டார்கள். அந்த வருடமே கலைப்பொருள் பாதுகாப்புக்குத் தனிச் சட்டம் வந்தது. ஒட்டியபோது 37 சில்லுகள் மிஞ்சிவிட்டன, ஒரு பெட்டியில் போட்டு எங்கோ வைத்துவிட்டார்கள், நூறு வருடம் கழித்து 1948இல்தான் வெளியே வந்தன.

ஆக, தனியாளும் உடைக்கிறான். சமூகவியலாளர் ஸ்டான்லி கோஹென் 1970களில் இதை ஆறாகப் பிரித்தார்: எடுத்து விற்பதற்காக, கவனம் ஈர்ப்பதற்காக, கொள்கைக்காக, பழிவாங்க, விளையாட்டாக, சும்மா வன்மத்துக்காக. விளையாட்டு என்று தனியாக வைத்தது சரி. பள்ளி நாள்களில் யாரும் இல்லாத பழைய தொழிற்கூடம் ஒன்றின் ஜன்னல்களுக்கு நாங்கள் கூட்டமாகக் கல் வீசியிருக்கிறோம். கோபமும் இல்லை, கொள்கையும் இல்லை. கண்ணாடி உடையும் சத்தம் அவ்வளவு சுகம். உடையாத ஜன்னல் எதுவும் மிஞ்சாதபோது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சலிப்பு வந்து கலைந்தோம்.

ஜூன் 14

உடைந்த ஜன்னல் என்றதும் அந்தக் கோட்பாட்டை இழுத்துவிட்டீர்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் வில்சனும் கெல்லிங்கும் 1982இல் எழுதியது. ஒரு ஜன்னல் உடைந்து சரிசெய்யாமல் கிடந்தால் மற்றவையும் உடையும், யாரும் கவனிப்பதில்லை என்ற சேதி போய்விடுகிறது என்று. அதற்கு அவர்கள் காட்டிய ஆதாரம், உளவியலாளர் ஜிம்பார்டோ 1969இல் இரண்டு கார்களை நிறுத்திவைத்த சோதனை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் நிறுத்திய கார் பத்தே நிமிடத்தில் உரிக்கப்பட ஆரம்பித்தது, ஆரம்பித்தது அப்பா அம்மா மகன் என்று ஒரு குடும்பம், பேட்டரியையும் ரேடியேட்டரையும் கழற்றினார்கள். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் நிறுத்திய காரை ஒரு வாரம் யாரும் தொடவில்லை. மழை வந்தபோது ஒருவர் வந்து திறந்திருந்த எஞ்சின் மூடியைச் சாத்திவிட்டுப் போனார்.

பிறகு ஜிம்பார்டோவே சம்மட்டியால் ஒரு அடி போட, வழிப்போக்கர்கள் சேர்ந்துகொண்டார்கள் என்றுதான் எல்லாரும் சொல்வது. அந்தக் காரைப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கொண்டுபோய், அவரும் அவருடைய மாணவர்களும் முதலில் அடித்தார்கள் என்பது மூலக் கட்டுரையில் இருக்கிறது. முதல் அடிக்குத்தான் தயக்கம், அப்புறம் நிறுத்த மனசு வரவில்லையாம். என் ஜன்னல் கதைதான். ஊர் சீரழிவதற்கு ஆதாரம் என்று இதைக் காட்டியதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், பேராசிரியர்களுக்கும் உடைக்கப் பிடிக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம்.

ஆனால் கோட்பாட்டில் ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது. நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் செய்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், அஞ்சல்பெட்டி வாயில் 5 யூரோ நோட்டு தெரியும்படி ஓர் உறையைச் செருகிவைத்தார்கள். பெட்டி சுத்தமாக இருந்தபோது 13 சதவீதம் பேர் எடுத்தார்கள், பெட்டியில் கிறுக்கியிருந்தபோது 27 சதவீதம். இருமடங்கு. அப்படியும் பெரும்பாலோர் எடுக்கவில்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

நியூயார்க் சுரங்க ரயிலைச் சுத்தம் செய்தது இன்னும் சுவாரசியம். கைது செய்து பார்த்தார்கள், வேலி போட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. 1984இல் ஒரு விதி: ஒரு பெட்டியைச் சுத்தம் செய்துவிட்டால் அதன்பின் அது கிறுக்கலோடு ஓடவே கூடாது. எழுதினால் அழித்துவிட்டுத்தான் வெளியே விடுவது. ஊர் முழுக்கத் தன் பெயர் ஓடுவதைப் பார்ப்பதுதானே எழுதியவனுக்குக் கூலி. 1989 மே 12இல் கடைசிக் கிறுக்கல் பெட்டியும் எடுக்கப்பட்டது. எபேசஸ்காரர்கள் பெயருக்குத் தடை போட்டபோது நினைத்ததும் இதுதான், அவர்களிடம் துடைப்பான் இல்லை. விக்கிப்பீடியாவில் இதே வேலையைத் தானியங்கிகள் நொடிகளில் செய்கின்றன. கிறுக்க ஆகும் நேரத்தைவிடத் துடைக்க ஆகும் நேரம் குறைந்துவிட்டால் பாதிப் பேருக்கு ஆசை விட்டுப்போகும்.

ஜூன் 15

ஆங்கிலக் கவிஞர் பைரன் பிரபு 1812இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் எழுந்து, தறிகளை உடைத்த நெசவாளர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று பேசினார். நியாயமான பேச்சு. அதற்கு ஓரிரு வருடம் முன்புதான் கிரீஸில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே சூனியன் முனையிலுள்ள போசைடன் கோயில் தூணில் "பைரன்" என்று செதுக்கியிருக்கிறது, அவரே செதுக்கியது என்று நம்புகிறார்கள். அனுபவசாலி பேசியிருக்கிறார்.

ஜூன் 19

பைரன் பெயரைப் படமெடுக்கப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள், 2013இல் எகிப்தின் லக்சர் கோயிலில் பெயர் கீறிய சீனச் சிறுவனுக்கு உலகமே சாபம் விட்டது, என்ன நியாயம் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதைப் போட்டுக் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எகிப்தில் மெம்னான் சிலைகளின் கால்களில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் நூற்றுக்கு மேல் கீறல்கள். கி.பி. 130இல் பேரரசர் ஹேட்ரியனோடு வந்த ஜூலியா பால்பிலா என்ற பெண் நான்கு கவிதைகளையே வெட்டவைத்தார். இஸ்தான்புல் ஹாகியா சோஃபியாவின் மாடத்துக் கைப்பிடிச் சுவரில் ஒரு வைக்கிங் தன் பெயரை ரூன் எழுத்தில் கீறியிருக்கிறான், ஹால்ஃப்டான். பாம்பெயில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அதில் ஒன்று: "சுவரே, இத்தனை பேரின் அறுவையைத் தாங்கியும் இடிந்து விழாமல் நிற்கிறாயே, ஆச்சரியம்!" அதையும் ஒருவன் சுவரில்தான் எழுதியிருக்கிறான்.

பழசானால் பாரம்பரியம் என்று முடித்துவிடலாமா? பெர்லினில் ராய்க்ஸ்டாக் கட்டடத்தில் 1945இல் சோவியத் வீரர்கள் கரியால் எழுதியதை, 1990களில் புதுப்பித்தபோது கண்ணில் படும்படி விட்டுவைத்தார்கள். ஐம்பதே வருடம். தோற்ற நாடு தன் நாடாளுமன்றத்தில் ஜெயித்தவனின் கிறுக்கலைப் பாதுகாக்கிறது. மோசமான வசவுகளை மட்டும் ரஷ்யத் தூதர்களோடு கலந்து பேசி எடுத்தார்களாம், அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து கேட்க எனக்கு ஆசை.

என் இப்போதைய நிலை (நாளை மாறலாம்): அந்த எழுத்து நமக்கு ஏதாவது புதிதாகச் சொல்கிறதா என்று பார்ப்பேன். ஹால்ஃப்டான் சொல்கிறான், வடக்கிலிருந்து இவ்வளவு தூரம் ஆள் வந்திருக்கிறது என்று. லக்சர் சிறுவன் வந்தது விமானச் சீட்டிலேயே தெரியும். பைரனும் இந்தச் சோதனையில் தேற மாட்டார், அவர் வந்ததை அவரே பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்.

ஜூன் 22

அரசியல் உடைப்பைப் பற்றி ஏன் பேசவில்லை என்றால், அதில் எல்லாருக்கும் முன்பே ஒரு கட்சி இருக்கிறது. 2020இல் பிரிஸ்டலில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையைத் துறைமுகத்தில் தள்ளினார்கள், 2022 ஜனவரியில் நான்கு பேரை நடுவர் குழு விடுவித்தது. சிலையை மீட்டு, மேலே வீசிய சாயத்தோடு படுக்கவைத்து அருங்காட்சியகத்தில் காட்டினார்கள். எனக்கு அது சரியான தீர்வாகவே பட்டது. உங்களுக்குப் படாமல் போகலாம்.

இதில் எனக்கு ஆர்வம், பில் யாருக்குப் போகிறது என்பதில். 1871இல் பாரிஸ் கம்யூன், அதாவது அந்த நகரத்தைச் சில வாரம் ஆண்ட புரட்சி அரசு, நெப்போலியனின் வெற்றிச் சின்னமான வாந்தோம் தூணைச் சாய்த்தது. ஓவியர் கூர்பே அதைப் பிரித்து எடுக்க வேண்டும் என்று முன்பு மனு கொடுத்திருந்தவர். கம்யூன் வீழ்ந்ததும் அவருக்கு ஆறு மாதச் சிறை, பிறகு தூணைத் திரும்ப நிறுவும் செலவும் அவர் தலையில்: 3,23,091 ஃபிராங்க், வருடம் 10,000 வீதம் 33 தவணை. சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். முதல் தவணைக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31இல், இறந்தார். தூணை இழுத்தது ஒரு கூட்டம், முடிவெடுத்தது ஒரு சபை, பில் மட்டும் பெயர் தெரிந்த ஒருவருக்கு.

ஜூன் 27

உத்தரவோடு உடைத்தவனை யாராவது தண்டித்ததுண்டா என்ற கடைசிக் கேள்விக்கு. உண்டு, அபூர்வமாக.

2012இல் மாலியின் டிம்பக்டுவை ஆயுதக் குழுக்கள் பிடித்து வைத்திருந்தபோது, ஒன்பது சூஃபி அடக்கத் தலங்களும் சிடி யஹ்யா மசூதியின் கதவும் தகர்க்கப்பட்டன. அதை நடத்தியவர் அகமது அல்-மஹ்தி, அந்த ஆட்சியின் ஒழுக்கக் காவல் பிரிவுக்குத் தலைவர். அவர் பார்வையில் அனுமதி, ஆணை எல்லாம் இருந்தது. அவர் அருமை தெரியாதவரும் இல்லை, மதக் கல்வி படித்தவர், டிம்பக்டு பக்கத்துக்காரர், அந்தத் தலங்கள் ஊருக்கு என்ன என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2016 செப்டம்பரில் ஒன்பது ஆண்டு தண்டனை. கட்டடங்களை உடைத்ததை மட்டுமே குற்றமாக வைத்து அந்த நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் தடவை.

நஷ்டஈடு 27 லட்சம் யூரோ என்று நிர்ணயித்தார்கள். அவரிடம் பணம் இல்லை, ஆகவே பாதிக்கப்பட்டோருக்கான அறக்கட்டளை நிதிதான் கொடுக்க வேண்டியதாயிற்று. மாலி அரசுக்கும் யுனெஸ்கோவுக்கும் அடையாளமாக ஆளுக்கு ஒரு யூரோ. அடக்கத் தலங்களை உள்ளூர்க் கொத்தனார்கள், பரம்பரையாக அந்த மண் வேலை தெரிந்தவர்கள், தீர்ப்பு வருவதற்கு முந்தைய வருடமே திரும்பக் கட்டி முடித்துவிட்டார்கள்.